ஆறாவது புள்ளி

"புள்ளி வச்சிருக்கே. கோடு எங்கேம்மா?" என்றார் பேராசிரியர் ஹர்யோனோ.

நிகென் மேசைமேல் விரித்திருந்த தாளைப் பார்த்தாள். சிடோஅர்ஜோ ஊரில் ஒரே சந்தில் இறால் அப்பளம் போடும் ஐந்து பட்டறைகளுக்கு ஐந்து புள்ளிகள். ஒரு பட்டறையின் தொழில் நுணுக்கம் இன்னொன்றுக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்பதுதான் அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு. போகிற வழியெல்லாம் கோடாக வரவேண்டும். ஒன்றுகூட வரவில்லை.

"யார்கிட்ட கத்துக்கிட்டீங்கன்னு கேட்டா, எங்கப்பாகிட்டன்னுதான் எல்லாரும் சொல்றாங்க சார்."

"அந்தச் சந்துல கோடு உண்டு. கேக்குற விதமா கேளு. இந்தப் பருவம் முடியறதுக்குள்ள வரலேன்னா உதவித்தொகை நின்னுடும். அப்புறம் நானே நினைச்சாலும் ஒண்ணும் செய்ய முடியாது."

உதவித்தொகை நின்றால் படிப்பு நிற்கும். படிப்பு நின்றால் மலாங்கில் மாமாவின் செருப்புக்கடையில் போய் உட்காரவேண்டும். மாமா இடம் ஒழித்து வைத்துவிட்டதாகச் சொல்லியனுப்பியிருந்தார்.

நிகென் கேள்வியை மாற்றினாள். யாருக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள்?

"எல்லாருக்கும்தான்!" என்றார் சுதாஜி. சந்தில் அவர்தான் மூத்தவர். "தெரிஞ்சத மூடி வைக்கிறது பாவம் இல்லியா, தங்கச்சி?"

மற்ற நால்வரும் அதையேதான் சொன்னார்கள். தாள் முழுக்க அம்புக்குறிகள். பேராசிரியர் வெகுநேரம் பார்த்தார்.

"அஞ்சு பேரும் குடுக்கறாங்க. ஒருத்தரும் வாங்கல. குடுத்ததெல்லாம் ஆத்துலயா போச்சு?"

எல்லாரையும் ஓரிடத்தில் உட்காரவைத்துப் பேசவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. சந்து முனைக் கூடத்தில் பாய் விரித்து, பொரித்த வாழைப்பழம் வாங்கி வைத்தாள். ஐந்து பேரும் இஸ்திரி போட்ட பத்திக் சட்டையும் புதுக் கைலியுமாக வந்தார்கள்.

"யாராவது ஒரு நுணுக்கத்தைச் சொல்லி ஆரம்பிச்சு வைங்களேன்."

"கஸ்மினி சொல்லட்டும்," என்றார் சுதாஜி.

"ஐயோ, நான் என்னத்தக் கண்டேன்? தோஹிர் அண்ணன் அனுபவசாலி."

"பெரியவர் உக்காந்திருக்கும்போது நான் வாயத் திறந்தா நல்லாவா இருக்கும்?" என்று தோஹிர் தலையைக் குனிந்துகொண்டார்.

முறை சுற்றிச் சுற்றி வந்தது. அவள் எது சொன்னாலும் "சரிதான், சரிதான்" என்று தலையாட்டினார்கள். சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டதும் மரியாதையாக எழுந்து போனார்கள். வாழைப்பழத் தட்டு காலி.

மறுநாளிலிருந்து நிலைமை இன்னும் மோசம். நாலு பேர் முன்னால் வாயைத் திறக்கச் சொன்னது அவர்களுக்குக் கூச்சமாகிவிட்டது. எந்த வாசலுக்குப் போனாலும், "இன்னிக்கு வேலை அதிகம், நாளைக்கு வாயேன்," என்று சிரித்துக்கொண்டே அனுப்பினார்கள்.

நிகென் கேள்வித்தாளை வீட்டிலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு போனாள். வெறுங்கையோடு வருகிறவளுக்கு டீ கொடுக்காமல் இருக்க முடியாது. டீயை வைத்துக்கொண்டு ஊமையாகவும் உட்கார முடியாது. சுதாஜி வீட்டில் சீவின அப்பளமெல்லாம் கிழிந்து கிடந்தன.

"கஸ்மினி அக்கா வேகவச்ச மாவுருளைய நல்லா ஆறவிட்டு, மறுநாள்தான் சீவறாங்களாம்," என்று, முந்தின நாள் கஸ்மினி டீயோடு சொன்னதை எடுத்துவிட்டாள், ஏதாவது பேசவேண்டுமே என்று.

"அப்படியா," என்றார் அவர். இன்னொரு தம்ளர் டீ வந்தது. அப்பளம் காயும் மூங்கில் தட்டிகளைக் காற்றுக்கு எதிராகச் சாய்த்துக் காயவைப்பதை, அவள் கேட்காமலே சொன்னார். அந்தப் பேச்சு தோஹிர் வீட்டு டீக்கு உதவியது. தோஹிர் பூண்டை வறுத்து அரைக்கும் பக்குவத்தைச் சொன்னார். அது கஸ்மினி வீட்டு டீக்கு ஆயிற்று. இப்படியே மற்ற இரண்டு பட்டறைகளுக்கும்.

மழைக்காலம் முடிவதற்குள் ஐந்து பட்டறையிலும் மாவுருளை ஆறியது, தட்டி சாய்ந்தது, பூண்டு மணத்தது. நிகென் கோடுகளாகப் போட்டுத் தள்ளினாள்.

பேராசிரியர் நாற்காலியைவிட்டு எழுந்தே நின்றார். "பாத்தியா! நான் சொன்னேனா இல்லியா? இத மணிலா மாநாட்டுல வாசிக்கிறோம்."

ஒவ்வொரு கோட்டின் பக்கத்திலும் அது எப்போது நடந்தது என்று குறிக்க உட்கார்ந்தபோதுதான் நிகெனுக்குக் கை நின்றது. எந்தக் கோட்டை எடுத்தாலும் அதற்கு முன்னால் அவள் குடித்த ஒரு டீ இருந்தது. நடுவில் ஆறாவதாக ஒரு புள்ளி வைத்தாள். எல்லாக் கோடுகளும் அதன் வழியாகவே போயின. அதைக் கையால் மறைத்தால் ஐந்து புள்ளிகளும் பழையபடி தனித்தனியே நின்றன.

ஆராய்ச்சி செய்யப் போனவள் வீடு வீடாகக் கோள் சொல்லியிருக்கிறாள்.

முதலில் சந்தில் மன்னிப்பு, பிறகு பேராசிரியர், கடைசியில் செருப்புக்கடை என்று முடிவுசெய்துகொண்டு காலையில் கஸ்மினி பட்டறைக்குப் போனாள். கஸ்மினி சந்தைக்குப் போயிருந்தாள். அப்பளம் பொரிக்கும் மிஸியாத்தி மட்டும் வாணலி முன்னால் நின்றிருந்தாள்.

"அக்கா, உங்க முதலாளியம்மா பக்குவத்த வெளியில சொன்னதே நான்தான். எல்லார் ரகசியத்தையும் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"தெரியுமே," என்றாள் மிஸியாத்தி, அப்பளத்தைத் திருப்பிக்கொண்டே. "போய்ச் சொல்லணும்னுதானே உன்கிட்ட சொன்னாங்க."

"என்னது?"

"பக்கத்து வீட்ல போய்க் கேட்டா மானம் போகும். நாமளா போய்ச் சொன்னா, பெரிய இவன்னு பேசுவாங்க. வந்தவங்க வாயில வந்தா யாருக்கும் யாரும் கடன் இல்ல பாரு."

"அப்ப என் ஆராய்ச்சி? ஹர்யோனோ சார்கிட்ட நான் எந்த மூஞ்சியோட போய் நிப்பேன்?"

மிஸியாத்தி எண்ணெய் வடியக் கரண்டியைத் தூக்கிப் பிடித்தாள்.

"அவரும் இங்க வீடு வீடா டீ குடிச்சுத்தான்மா டாக்டர் ஆனாரு, அவரு போனப்புறம் தொழில் படுத்துடுச்சுன்னுதானே, இன்னொரு புள்ளய அனுப்பி வைங்கன்னு அவர்கிட்ட கேட்டு உன்னை வரவழைச்சோம்."