முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு

அன்று காலைக் காபியின் கடைசி மடக்கை விழுங்கும்போதுகூட மருந்து ஆராய்ச்சியாளரின் கணவர் தைரியசாலியாகத்தான் இருந்தார்.

"என் பொண்டாட்டி கண்டுபிடிச்ச மருந்து. முதல் ஆளா நான்தான்!" என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். ஆய்வகத்துக்குள் நர்ஸ் தட்டோடு வந்ததும் முகம் வெளுத்தது.

"ஊசியே கிடையாதுன்னு சொன்னியே?" என்றார் பக்கத்தில் நின்ற மனைவியிடம்.

"மரத்துப்போக வைக்க ஊசி கிடையாதுங்க. மரத்துப்போச்சான்னு குத்தித்தானே பாக்கணும்?"

அவருடைய முழங்கை மடிப்பில் மனைவி திரவத்தைத் தடவினாள். அது ஒரு வகை உப்பு. உருக்காமலேயே எண்ணெய்போல ஓடும். தோலின் கொழுப்புச் சுவரைக் கொஞ்சம் நெகிழ்த்தி, மரத்துப்போக வைக்கும் மருந்தைக் கைப்பிடித்து உள்ளே கூட்டிப்போகும். அயனித் திரவம் என்று பெயர். இன்று குத்தும்போது அவர் 'ஆ' என்றால் மேலிடம் ஆராய்ச்சியை இழுத்து மூடிவிடும்.

பயத்தில் அவருக்கு உதடு உலர்ந்தது. மருந்தைத் தொட்டுப் பார்த்த விரலாலேயே உதட்டைத் துடைத்தார்.

"ஏம்மா, என் வாய் எங்க போச்சு?"

"ஐயோ, அங்கயும் தடவிட்டீங்களா? தண்ணியில கொப்பளிங்க."

மரத்த உதட்டில் தண்ணீர் நிற்கவில்லை. சட்டை நனைந்தது. கழற்றச் சொன்னாள். கழற்றும்போது இறங்கிய சட்டைக்கை மருந்தையெல்லாம் துடைத்துக்கொண்டு போனது. மறுபடி தடவி, மறுபடி காத்திருந்தார்கள். ஏசிக் குளிரில் வெறும் மார்போடு அவர் நடுங்கினார்.

"சார், நீங்க நடுங்கினா நரம்பு ஓடி ஒளியுது" என்றாள் நர்ஸ்.

"அதுக்காவது புத்தி இருக்கே, சிஸ்டர்!"

மனைவி அவர்மேல் போர்வையைப் போர்த்தி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டு, குத்துவதைப் பார்க்கத் தைரியமில்லாமல் தன் கண்ணையும் மூடிக்கொண்டாள். "நம்ம முதல் கார் நடுரோட்டுல நின்ன கதையச் சொல்லுங்க."

அந்தக் கதையை அவர் வருஷக்கணக்காகச் சொல்லிவந்தார். ஒவ்வொரு முறையும் காரைத் தள்ளியவர்களில் ஓர் ஆள் கூடுவார். அன்று ஆறாவது ஆள் வந்து கை வைக்கும்போது, கணவர் தற்செயலாக நர்ஸ் பக்கம் திரும்பினார்.

"ஆ... ஐயோ!"

அலறலில் தட்டே அதிர்ந்தது. மனைவி நாற்காலியில் சரிந்தாள். "போச்சு. இத்தனை வருஷ உழைப்பும் போச்சு!"

"எதுக்கு மேடம் அழறீங்க?" என்றாள் நர்ஸ். "குத்தி, ரத்தம் எடுத்து எல்லாம் முடிஞ்சுது. ஊசியக் குப்பையில போட எடுத்துட்டுப் போறேன், அதைப் பாத்துதான் சார் கத்துறாரு. கை நல்லா மரத்துப்போச்சு. பயம் மட்டும் அப்படியேதான் இருக்கு."