வாசலுக்கும் கோட்டுக்கும் அரை அடி

கே.கே. நகர், மதுரை
15-6-1981

மதிப்பிற்குரிய மச்சான் சோணைமுத்து அவர்களுக்கு, தங்கை வீட்டுக்காரன் காசிமாயன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே உங்கள் தங்கை முனியாயி, மருமகள் தங்கப்பொண்ணு, நான் ஆகிய மூவரும் உடம்பால் சுகம். மற்றதைக் கீழே எழுதியிருக்கிறேன். உசிலம்பட்டியில் அனைவரும் சுகம் என்று நம்புகிறேன். இதைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும்.

நீங்கள் சொல்லி அனுப்பிய நரிமேட்டு வரன் நேற்று பெண் பார்க்க வந்தது. பத்திரிகை நிருபராக இருந்து எத்தனையோ கலவரங்களைப் பக்கத்தில் நின்று பார்த்து எழுதியவன் நான். நேற்று என் வாசலில் நடந்ததுபோல ஒன்றைப் பார்த்ததில்லை. கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். மாப்பிள்ளை வீரணனும் தகப்பனார் பேச்சிமுத்துவும் மட்டும் வந்தார்கள். பையன் கல்லூரியில் கணக்கு வாத்தியார், தகப்பனார் கட்டட மேஸ்திரியாக இருந்து ஓய்ந்தவர் என்பது உங்களுக்குத் தெரியும். ஆட்டோவை விட்டு இறங்கும்போது பேச்சிமுத்து "என்ன மச்சான், சௌக்கியமா?" என்றுதான் கேட்டார். வாசலில் ஒரு செருப்பைக் கழற்றியவர் திரும்பி எதிரே பார்த்தார். கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டார். "சார், இது தெருக்குத்து வீடுல்ல" என்றார். மச்சானாக இருந்த நான் சார் ஆவதற்கு ஒரு செருப்பு கழற்றும் நேரம்தான் பிடித்தது.

கிழக்கேயிருந்து வரும் ஒரு தெரு எங்கள் தெருவில் வந்து முடிகிறது. அது முடிகிற இடத்துக்கு ஏறக்குறைய எதிரே என் வாசல் இருக்கிறது. ஏறக்குறைய என்பது என் கட்சி. நேர் எதிரே என்பது அவர் கட்சி. வருகிற தெரு நேராக வாசலில் முட்டினால் அந்த வீட்டில் பெண் எடுத்தவன் விளங்க மாட்டானாம். வாசலில் பிள்ளையார் வைத்துவிடுகிறேன் என்றேன். "பிள்ளையாரு குடியிருக்கிறவனைக் காப்பாத்துவாரு சார். பொண்ணு எடுத்துட்டுப் போறவன் பின்னாடி பஸ் ஏறியா வருவாரு?" என்று கேட்டார்.

பையன்தான் வழி சொன்னார். "அளந்து பாத்துருவோம்ப்பா. தள்ளி இருந்துச்சுன்னா நமக்கென்ன?" என்றார். துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய், எதிர்த் தெருவின் நடுவில் நேராக இழுத்து, தெரு முடிகிற இடத்தில் ஒரு கல்லில் கட்டினோம். அந்தக் கல்லிலிருந்து என் வாசலின் நடுப்பகுதி வரை நானே டேப்பைப் பிடித்தேன். முப்பத்திரண்டு அடி. "முப்பத்திரண்டு அடி தள்ளி இருக்கு, இதுக்குப் பேரு குத்தா?" என்றேன். பேச்சிமுத்துவின் முகம் இளகியது. செருப்பைக் கழற்றினார், இந்த முறை இரண்டையும்.

அப்போதுதான் மச்சான், பட்டுச்சேலை கட்டித் தலைகுனிந்து உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டிய உங்கள் மருமகள், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். "அப்பா, கயிறுதான் அங்க நின்னுருச்சு. கோடு நிக்காது. நம்ம வீட்டுச் சுவரு வரைக்கும் கயித்தை நேரா நீட்டுங்க. டேப்பையும் சாய்ச்சுப் புடிக்காதீங்க, கோட்டுக்குச் செங்குத்தா இருக்கணும். புள்ளிக்கும் கோட்டுக்கும் உள்ள தூரம்னா அதுதான்." அவளை பி.எஸ்சி. கணக்கில் சேர்க்கச் சொன்னது தாங்கள் என்பதை இந்த இடத்தில் குறிப்பிட விரும்புகிறேன். மாப்பிள்ளை கயிற்றைச் சுவர் வரை நீட்டி, டேப்பைச் செங்குத்தாகப் பிடித்தார். அரை அடி. என் வாசலின் அகலம் மூன்றரை அடி. ஆக அந்தத் தெரு யாரையும் கேட்காமல் நேராக என் வீட்டுக்குள் நுழைகிறது. "ஏண்டி, உன்னைய யாரு கேட்டா?" என்றாள் முனியாயி. "தப்பா அளந்தாச் சொல்ல வேணாமா?" என்றாள் மகள்.

பேச்சிமுத்து மரியாதை தெரிந்தவர். "காப்பியைக் குடிச்சிட்டுக் கெளம்புறோம் சார்" என்று உட்கார்ந்தார். காப்பித் தட்டோடு வந்த மகள் கக்கத்தில் என் நகர வரைபடத்தை இடுக்கிக்கொண்டு வந்தாள். ஜனவரியில் தமிழ் மாநாட்டுச் செய்திக்காக அலைந்தபோது நான் வாங்கியது. அதைப் பாயில் விரித்து, ஸ்கேலும் பென்சிலும் எடுத்தாள். பெண் பார்க்க வந்த இடத்தில், மச்சான், பெண் பென்சில் எடுத்தாள். "மாமா, அந்தக் கோடு எங்க வீட்டோடயும் நிக்காது. பின்சுவரைத் தாண்டி மேக்க போயிக்கிட்டேதான் இருக்கும். உங்க வீடு எது?" என்றாள். அவர் நரிமேட்டில் ஒரு விரலை வைத்தார். பென்சில் எங்கள் தெருவில் புறப்பட்டு அந்த விரலுக்கு அடியில் போய் நின்றது. "உங்க வாசலுக்கு அரை அடிகூட இல்லை மாமா. பூஜ்யம்."

"ஊடால அம்புட்டு வீடு இருக்கே தாயி?"

"கோட்டுக்கு வீடு தெரியாது மாமா."

அவர் மகன் பக்கம் திரும்பி, "டேய், நீயும் கணக்கு வாத்தியார்தானே, பாத்துச் சொல்லு" என்றார். வீரணன் குனிந்து பார்த்தார். ஸ்கேலை வைத்துப் பார்த்தார். வரைபடத்தைவிட வரைந்த கையை அதிக நேரம் பார்த்ததாக முனியாயி சொல்கிறாள், நான் கவனிக்கவில்லை. "சரியாத்தான்ப்பா இருக்கு" என்றார். பேச்சிமுத்து காப்பியைக் கீழே வைத்தார். "முப்பது வருசமா அந்த வீட்டுல இருக்கேன்" என்று யாரிடம் என்றில்லாமல் சொன்னார். செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்.

பெண் பார்க்க வந்தவர் வீட்டுக்கே தெருக்குத்து கண்டுபிடித்துக் கொடுத்த பெண்ணை இந்த ஊரில் எவன் கட்டுவான்? முனியாயி நேற்றிலிருந்து அடுப்பு மூட்டவில்லை. மகள் நன்றாகத் தூங்குகிறாள், அதுதான் எனக்குத் திகிலாக இருக்கிறது. ஆகவே நரிமேட்டை மறந்துவிடுங்கள். என் சார்பில் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். தேனிப் பக்கம் வேறு பையன் பாருங்கள். நிலம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, கணக்கு படித்திருக்கக் கூடாது. ஒன்று மட்டும் நிருபராகச் சொல்கிறேன்: அவள் நேற்றுப் பேசியது அத்தனையும் உண்மை. அதனால்தான் அவளைத் திட்டவும் முடியவில்லை.

ஒச்சாண்டம்மன் உங்கள் குடும்பத்துக்கு ஒரு குறையும் வைக்காமல் காக்கட்டும். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அவர்களை எந்தப் படிப்பில் சேர்ப்பதானாலும் எனக்கு ஒரு வார்த்தை எழுதுங்கள்.

தங்கள்,
காசிமாயன்

பின்குறிப்பு: மேலே உள்ள எதையும் பொருட்படுத்த வேண்டாம். ஆவணியில் முகூர்த்தம் பாருங்கள். கடித உறையை ஒட்டப்போன நேரத்தில் வீரணன் தனியாக சைக்கிளில் வந்தார். "குத்து வீட்டுக்குக் குத்து வீட்டுப் பொண்ணுதான் சரின்னு அப்பா சொல்லிட்டாரு மாமா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்ககிட்ட மறைக்க மனசு வரலை. அந்தக் கோடு எங்க வீட்டுல முட்டலை. தெக்க முந்நூறு அடி தள்ளிப் போகுது. நேத்தே பாத்துட்டேன்" என்றார். ஒட்டப்போன உறையை நான் கீழே வைத்தேன். ஜன்னலுக்குள்ளிருந்து உங்கள் மருமகள், "முந்நூத்திப் பத்து" என்றாள்.

"ஆமா" என்றார் மாப்பிள்ளை.