வெட்டாத பக்கங்கள்

காலமான எழுத்தாளர் ஒருவரின் வீட்டைக் கையகப்படுத்தி நினைவில்லமாக்குவதென்று கலைத்துறை தீர்மானம் நிறைவேற்றியது. தீர்மானத்தில் ஒரே ஒரு சின்னக் குறை: எழுத்தாளர் காலமாகவில்லை.

அந்த அம்மா எழுதியது ஒரே நாவல். அதில், காதலி செத்ததும், அவள் எட்டிப்பார்த்த ஜன்னல்களையெல்லாம் செங்கல் வைத்து அடைக்கிறான் காதலன். கடைசியில் தானும் உள்ளே அடைபட்டுச் சாகிறான். நாவல் வெளியானதும் கதவைச் சாத்திக்கொண்டவர், முப்பது வருஷமாக வெளியே தலைகாட்டவில்லை. அந்த வீடும் அதன் அமைதியும் போதும் அவருக்கு.

ஆனால் இப்போது ஆளைக் கொல்லும் காதல்தான் நாகரிகம். கறுப்புச் சால்வை போர்த்திய ஜோடிகள் அவர் வாசலில் நின்று சோகமாகப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

அளவு நாடாவோடு வந்த அதிகாரிக்கு அவரே கதவைத் திறந்தார்.

"நான்தாங்க அதை எழுதினவ. உயிரோடதான் இருக்கேன்."

"கோப்புல நீங்க காலமாயிட்டீங்களேம்மா! முப்பது வருஷமா யார் கண்ணுலயும் படலைன்னா துறை என்னதான் நினைக்கும்?"

"படக் கூடாதுன்னுதானே உள்ளே இருந்தேன்!"

"சரி, கதையோட முடிவைச் சொல்லுங்க. சரியா இருந்தா நீங்கதான்."

சொன்னார். அதிகாரி முகம் சுளித்தார். "கல்யாணத்துல முடியுதுன்னுல்ல எங்க துறை இயக்குநர் மேடைக்கு மேடை அழுதுகிட்டே சொல்றாரு!"

சரிபார்க்கத் துறையின் பிரதி வரவழைக்கப்பட்டது. பழைய முறைக் கட்டு. வாசிக்கிறவர்தான் கத்தியால் மடிப்பை அறுத்துப் பக்கங்களைப் பிரிக்க வேண்டும். பதினாறாம் பக்கத்துக்குமேல் ஒரு மடிப்பும் அறுபடவில்லை.

"கத்தி தரட்டுமா?"

"அரசுச் சொத்தை அறுக்கவா? இயக்குநர் அனுமதி வேணும்மா. முழுசும் படிச்சாச்சுன்னு எழுதிக் கொடுத்தவர்கிட்ட நான் போய் எப்படிக் கேட்பேன்?"

ஆகவே, முடிவைச் சரிபார்க்க இயலவில்லை என்றும், மேற்படி பெண்மணி எழுத்தாளர் அல்லர் என்றும் பதிவாயிற்று. துறைக்கும் இதயம் உண்டு. வீட்டின் மூலைமுடுக்கெல்லாம் அறிந்தவர் என்பதால், நினைவில்லக் காவலாளியாக அவர் அங்கேயே தங்கலாம். ஒரே நிபந்தனை: காலை முதல் மாலைவரை வாசலில் நின்று வருகிறவர்களையெல்லாம் வரவேற்க வேண்டும்.

நின்றார். திறப்பு விழாவில் இயக்குநர் அழுதார், கூட்டமும் அழுதது. கறுப்புச் சால்வைப் பெண்ணொருத்தி கண்ணைத் துடைத்தபடி வந்தாள்.

"என்ன ஒரு நாவல்! நீங்க படிச்சிருக்கீங்களாம்மா?"

காவலாளி தன் சீருடைத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"எங்கேம்மா, நானும் உங்க எல்லாரையும் மாதிரிதான்."