கஞ்சி போட்ட பெல்பொட்டம்

உலகத்தில் எத்தனையோ ரக ஹிப்பிகள் இருந்திருப்பார்கள். ஆனால் விடியுமுன் எழும்பி, முகச்சவரம் செய்து, பெல்பொட்டத்துக்குக் கஞ்சி போட்டுக் கத்தி முனை போல மடிப்பு எடுத்து, "ஆறு மணியிலிருந்து ஆறே முக்கால் வரை கவலையில்லாமல் இருப்பது" என்று நேரம் ஒதுக்கி வாழ்ந்த ஹிப்பி ஒருவர்தான். அவர் ஒக்லாந்தின் ஓரத்தில், பாபகூராவில் எனக்குப் பக்கத்து வீட்டில் இருந்தார். சொந்தப் பெயரைச் சொன்னால் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. ஹவில்தார் என்றால் தெருமுனை டெய்ரிக் கடைக்காரரின் நாய்கூட நிமிர்ந்து உட்காரும்.

அவரைப் பற்றிச் சொல்லுமுன் என் பயத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அது என்னைவிட மூத்தது. யாழ்ப்பாணத்தில் வாய்ப்பாட்டோடு சேர்த்து நான் மனப்பாடம் செய்த இன்னொரு பாடம், பூட்ஸ் சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே போய்விட வேண்டும் என்பது. வாய்ப்பாடு மறந்துவிட்டது. மற்றது மறக்கவில்லை. அந்தச் சத்தமே இல்லாத இடம் தேடிப் பூமியின் கடைசி விளிம்புக்கு ஓடிவந்து, ஆயுசுக்கும் கட்டவேண்டிய மோர்ட்கேஜில் ஒரு வீடு வாங்கினேன். வாங்கிய பிறகுதான் தெரிந்தது, கொஞ்சத் தூரத்தில் இராணுவ முகாம் இருக்கிறது என்று.

"விலை ஏன் இவ்வளவு குறைவு எண்டு ஒருக்கால் கேட்டிருக்கலாமே," என்றாள் என் மனைவி வதனா. அதை இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஒரு சனிக்கிழமை காலை. போர்வைக்குள் இருந்த என் காதில் சரளைக் கல்லில் பூட்ஸ் நடக்கும் சத்தம் விழுந்தது. ஒரே தாளம். நடுவில் "ஏக்... தோ... ஏக்" என்று ஒரு கரகரத்த குரல். அடுத்த கணம் நான் கட்டிலுக்குக் கீழே இருந்தேன். எப்படிப் போனேன் என்று கேட்கக்கூடாது. ஐம்பது வயதில், அந்தத் தொந்தியோடு, அது ஒரு சாதனை.

வதனா திரையை விலக்கிப் பார்த்தாள். "பக்கத்து வீட்டுச் செல்வியின்ரை அப்பா. மதுரையிலை இருந்து வந்திருக்கிறாராம். முத்தத்திலை நடக்கிறார்."

"ஆமியோ?"

"தலைமயிர் பிடரி வரைக்கும் கிடக்கு. கையிலை கிற்றார். ஹிப்பி மாதிரி."

"பூட்ஸ் சத்தம் கேக்குதே?"

"அப்ப பூட்ஸ் போட்ட ஹிப்பி. வெளியிலை வாங்கோ, அதுக்குக் கீழை நான் இன்னும் கூட்டேல்லை."

அவருடைய கதை வேலிக்கு மேலாகத் தவணை முறையில் எனக்குக் கிடைத்தது. பதினெட்டு வயதில் இந்திய இராணுவத்தில் சேர்ந்தவர். எழுபத்தொன்று யுத்தத்தில் கிழக்கு எல்லையில் நின்றவர். பென்ஷன் வாங்கியதும் மதுரையில் ஒரு வங்கி வாசலில் துப்பாக்கியோடு காவல். அங்கேயும் தொப்பி, ஒட்ட வெட்டிய தலை. அவர் வயதுப் பையன்கள் தலைமயிரை வளர்த்து, கிருதா வைத்து, தரையைக் கூட்டும் பெல்பொட்டத்தோடு ஊரைச் சுற்றிய காலம் முழுக்க அவர் தலையில் சேனையின் கத்தரிக்கோல் இருந்திருக்கிறது. மகளோடு இருக்க ஒக்லாந்து வருவதற்காக வங்கி வேலையை விட்ட அன்றுதான் வாழ்க்கையில் முதல்தடவையாக அவரைத் தலைமயிர் வெட்டச் சொல்ல யாருமில்லை என்பதைக் கவனித்தார்.

உடனே ஹிப்பியாகிவிட்டார். ஆனால் ஹிப்பியாவதற்கு அவருக்குத் தெரிந்த ஒரே வழி, பட்டாளத்தில் எதையும் கற்றுக்கொண்ட வழிதான். கிற்றாரைத் தொடுமுன் தனக்குத் தானே "கிடார் உட்டாவ்!" என்று, அதை எடுக்கச் சொல்லி ஹிந்தியில் கட்டளையிட்டுக்கொள்வார். சமாதானச் சின்னமாக இரண்டு விரலைக் காட்டுவார். ஆனால் கை முதலில் நெற்றிக்குப் போய், அங்கே ஒரு விறைப்பு விறைத்துவிட்டுத்தான் கீழே வரும். ஒருநாள் டெய்ரிக் கடை வாசலில் தலைமயிரைத் தொங்கவிட்டுச் சரிந்து கிடக்கும் இளைஞர்களிடம், சோம்பலாக உட்காருவது எப்படி என்று கற்றுக்கொள்ளப் போனார். நான் பால் வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது அவர்கள் எல்லோரும் உயர வரிசைப்படி நின்றுகொண்டிருந்தார்கள். அவர் ஒருவனுடைய சப்பாத்துக் கயிற்றைச் சுட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

கிற்றாரில் அவருக்கு வந்தது ஒரே ஒரு தட்டு. எல்லாத் தந்திகளையும் சேர்த்து மேலிருந்து கீழே ஒரு தடவை. அவ்வளவுதான்.

"ஐயா, அடுத்தது படிக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"இது நல்லா வரட்டும் தம்பி. அவசரமென்ன?"

அந்தத் தட்டுக்கும் ஒரு கதை இருந்தது. யுத்தத்துக்குப் போகும் பட்டாள ரயில் வழியில் ஒரு ஸ்டேஷனில் நின்றதாம். எதிர்ப் பிளாட்பாரத்தில் வெளிநாட்டு ஹிப்பிகள் ஒரு கூட்டம். வெறுங்கால், தோள் நிறைய முடி, ஒருத்தன் கையில் கிடார். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே வயது. ஒரு பக்கம் மொட்டைகள், மறு பக்கம் முடிகள். இரண்டும் ஒன்றையொன்று மிருகக்காட்சிச் சாலையில் போலப் பார்த்துக்கொண்டிருந்தன.

"அவன் இறங்கித் தண்டவாளத்தைத் தாண்டி வந்து, சன்னல் வழியா கிடாரை நீட்டினான் தம்பி. வாங்கி ஒரே ஒரு தட்டு தட்டினேன். ரயிலு நகந்திருச்சு. திருப்பிக் குடுத்துட்டேன்."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான். அப்புறம் ஒரு மாசம் குண்டுச் சத்தம். ஆனா காதுல நின்னது அதுதான்."

ரயிலில் அன்று அவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தவர் முத்தையா. யுத்தம் முடிந்ததும் தலைமயிர் வளர்ப்பது, யாருடையது முதலில் தோளைத் தொடுகிறதோ அவனுக்கு மற்றவன் சல்யூட் அடிப்பது என்று இருவரும் பந்தயம் கட்டினார்கள். முத்தையா பத்திரமாகத் திரும்பி வந்தார். தலைமயிர்தான் வரவில்லை. முப்பது வயதிலேயே முழு வழுக்கை. இப்போது மதுரையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோவில் தோன்றிப் பரிசோதனை செய்வார். "திரும்புடா. இன்னும் ரெண்டு விரக்கடை இருக்கு. தோளைத் தொட்டாத்தான் கணக்கு. நான் மொட்டைங்கிறதுக்காக உனக்குச் சலுகையெல்லாம் கெடையாது."

மாதக்கணக்காக ஒரு கேள்வி மட்டும் என் தொண்டையில் நின்றது. இந்திய இராணுவம் என்றதும் எங்கள் ஊர்க்காரர் எவருக்கும் வருகிற கேள்விதான். ஒருநாள் வேலிக்கரையில் வைத்துக் கேட்டேவிட்டேன். "ஐயா, எண்பத்தேழிலை நீங்கள் எங்கடை பக்கம் வந்தனீங்களோ?"

அவர் கிற்றாரைக் கீழே வைத்தார். "இல்ல தம்பி. அதுக்கு முன்னாடியே பென்ஷன் வாங்கிட்டேன்."

நான் மூச்சு விட்டேன். அவர் விடவில்லை.

"அனுப்பியிருந்தா வந்திருப்பேன். சிப்பாயிட்ட யாரும் கேட்டுட்டு அனுப்புறதில்ல."

பிறகு வேலிக்கு மேலாக இரண்டு பாவற்காயை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். அவர் முதல் வசனத்தோடு நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. அன்றிலிருந்துதான் அவர் வீட்டில் தேத்தண்ணி குடிக்கத் தொடங்கினேன்.

வில்லங்கம் ஏப்ரலில் வந்தது. அன்சாக் தினத்தில் இந்த ஊரில் பழைய சிப்பாய்கள் பதக்கம் குத்திக்கொண்டு நினைவுத்தூண் வரை நடப்பார்கள். தெருவோரம் நின்று சனம் கைதட்டும். முந்தின வருடம் அதைச் சனத்தோடு சனமாக நின்று பார்த்த ஹவில்தார் கடைசி ஆள் கலையும்வரை நின்றுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். வங்கி வாசலில் நின்ற அத்தனை வருடத்தில் ஒரு மனிதன் அவரிடம் யுத்தத்தைப் பற்றிக் கேட்டதில்லை. பதக்கம் டிரங்குப் பெட்டியில் பாச்சை உருண்டையோடு கிடந்தது. ஒரே ஒரு தடவை அதைக் குத்திக்கொண்டு நடக்க வேண்டும் என்று ஆசை. இந்தியப் பழைய சிப்பாய்களைச் சேர்த்து நடத்துபவர் எல்லர்ஸ்லியில் இருந்த கோயம்புத்தூர்க் கேர்ணல் ஒருவர். அவருக்குப் போன் போட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். போனிலேயே அட்டென்ஷனில் நின்றார்.

"சாப்... ஆமா சாப்... முடி வந்து சாப்... சரி சாப்."

போனை வைத்துவிட்டுக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றார். "வெட்டிட்டு வந்தா நடக்கலாமாம். இல்லேன்னா ரோட்டோரமா நின்னு பாத்துக்கச் சொல்லிட்டாரு."

தோளுக்கும் தலைமயிருக்கும் நடுவில் அப்போது ஒரு விரல் இடைவெளிதான் மிச்சம்.

"அவர் இப்ப கேர்ணல் இல்லை ஐயா. என்னை மாதிரி ஒரு மோர்ட்கேஜ்காரன்," என்றேன்.

"கர்னல் கர்னல்தான் தம்பி. நீங்களே வெட்டிவிடுங்க. கடைக்காரன் வெட்டுனா மனசு கேக்காது."

கத்தரிக்கோலைக் கையில் தந்தார். நான் அதைப் பிடித்த பிடியைப் பார்த்து அவர் காது இரண்டும் தாமாகவே பின்னுக்குப் போயின. "மனுசனுக்குக் காதாவது மிஞ்சட்டும், கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ," என்றாள் வதனா.

சலூன் கடைக்காரர் ஃபீஜிக்காரர், கொள்ளுத்தாத்தா தமிழ் பேசினாராம், இவரிடம் மிஞ்சியது ஹிந்தி. யார் அழுதாலும் கூட அழுகிற ஆள் நான். ஹவில்தார் அழுதால் அந்தக் கடையில் நான்தான் பெரிய காட்சியாக இருப்பேன். "கெதியா முடியுங்கோ," என்று ஆங்கிலத்தில் கடைக்காரரை அவசரப்படுத்தினேன். அவர் மெஷினைப் போட்டு வலப்பக்கத்தைக் கண்மூடித் திறக்குமுன் வழித்துவிட்டார்.

அந்த நேரத்தில்தான் பக்கத்து நாற்காலியில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வந்து உட்கார்ந்தார். தாடி நெஞ்சுவரை. வெள்ளை முடி இடுப்புவரை. "நுனியை மட்டும் வெட்டு, நாளைக்கு அணிவகுப்பு இருக்கிறது," என்றார்.

ஹவில்தாரின் தலை சடாரென்று திரும்பியது. "நீங்க சோல்ஜரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

வியட்நாம் என்றார் கிழவர். போனபோது ஒட்ட வெட்டிய தலையாம். முகாமில் ரேடியோ வைத்து, ஊரில் தன் வயதுக்காரர்கள் ஆடுகிற அதே பாட்டுகளைத்தான் இவர்களும் கேட்டார்களாம். திரும்பி வந்து நகரத்தில் அணிவகுத்தபோது, அந்தப் பாட்டுப் பாடுகிற நீளமுடிக் கூட்டம் தெருவில் நின்று ஏசியதாம். சிவப்புச் சாயம் வந்து சட்டையில் விழுந்ததாம். "அதற்குப் பிறகு வளர்த்தேன். நான் சிப்பாய் என்று ஒருவருக்கும் தெரியக்கூடாது என்றுதான் வளர்த்தேன்," என்றார். "பிறகு பார்த்தால், எனக்கு நன்றாகத்தான் இருந்தது."

"உங்க கர்னல் ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னார். அவருக்கு இப்போது காது கேட்காது."

ஹவில்தார் கையை உயர்த்தினார். "ரோக்கோ."

மெஷின் நின்றது. உச்சியிலிருந்து நேர்கோடு. வலப்பக்கம் பட்டாளம், இடப்பக்கம் தோளை எட்டிப் பார்க்கும் தலைமயிர்.

"ஐயா, மற்றப் பக்கத்தையும் எடுத்துவிடுங்கோ. இப்பிடி வெளியிலை போனால் சனம் என்ன சொல்லும்? கேர்ணல் என்னைத்தான் கேப்பார். என்ரை பேரும் அவருக்குத் தெரியும்."

அவர் கண்ணாடியில் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "நாளைக்குக் கர்னல் சாப் எந்தப் பக்கம் நிப்பாரு?"

"கால் வருத்தம் எண்டு நடக்கமாட்டாராம். நினைவுத்தூணடியிலை, வலப்பக்கம்."

"அப்பச் சரி," என்று எழுந்து துண்டை உதறினார்.

மறுநாள் காலை நான் தெருவோரம் நின்றேன். ஹவில்தார் பிளேசர், பதக்கம், கஞ்சி போட்ட பெல்பொட்டத்தோடு வரிசையின் வலது ஓரத்தில் வந்தார். இடப்பக்கத்துச் சனம் அவருடைய தலைமயிரைப் பார்த்துக் கைதட்டியது. வலப்பக்கத்துச் சனம் அவருடைய பதக்கத்தைப் பார்த்துக் கைதட்டியது. தூணடியில் கேர்ணல் வெட்டிய பக்கத்தைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார். திட்டம் பலித்துவிட்டது என்று நான் நெஞ்சில் கைவைத்த நேரம் முன்னால் போனவர் கட்டளையிட்டார்: "ஐஸ் ரைட்."

எல்லாத் தலைகளும் வலப்பக்கம் திரும்பின. ஹவில்தாரின் முழு முகமும், இரண்டு பாதியும் சேர்ந்து, கேர்ணலுக்கு நேரே.

ஓடிவிடலாமா என்று சுற்றிப் பார்த்தேன். கட்டில் எதுவும் இல்லை. அப்போதுதான் உறைத்தது: இத்தனை வருடம் பட்டாளத்தில் நடந்த மனிதருக்கு அந்தக் கட்டளை வரும் என்று தெரியாமலா இருந்திருக்கும்?

கேர்ணலின் வாய் திறந்தது. ஆனால் கை நெற்றியில் இருந்தது; சல்யூட் அடித்தபடி யாரையும் திட்ட முடியாது. என் கைகள் தட்டிக்கொண்டிருப்பதைக் குனிந்து பார்த்தேன். பூட்ஸ் போட்டு நடக்கும் ஒரு கூட்டத்துக்கு நான் கைதட்டியது அதுதான் முதல் தடவை.

எல்லாம் முடிந்து பிஸ்கட்டும் தேநீரும் கொடுக்கும்போது கேர்ணல் நொண்டி நொண்டி வந்தார். "என்ன ஹவில்தார் இது?"

"வலது பக்கம் பென்ஷன் வாங்கிருச்சு சாப். இடது பக்கம் இன்னும் பட்டாளத்துலயே சேரல."

கேர்ணல் அவரைச் சுற்றி ஒரு நடை நடந்து, பெல்பொட்டத்தின் மடிப்பைக் குனிந்து பார்த்தார். "மடிப்பு நல்லா இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இடப்பக்கம் தோளைத் தொட்டது. பாதித் தலை செல்லாது என்று முத்தையா கால் மணி நேரம் வாதாடினார். பிறகு வீடியோவில் எழுந்து நின்று, வழுக்கை மின்ன, சல்யூட் அடித்தார். கை நெற்றியை விட்டு இறங்கவில்லை. வலைத் தொடர்பு போய்விட்டது என்று நினைத்து நான் போனைத் தட்டிப் பார்த்தேன்.

இங்கே எல்லாக் குடும்பமும் கடைசியில் ஒஸ்ரேலியாவுக்குப் போகும். செல்விக்கும் பிரிஸ்பேனில் வேலை கிடைத்தது. விமான நிலையத்துக்குப் புறப்பட்ட காரின் முன்னிருக்கையில் ஹவில்தார் மடியில் கிற்றாரோடு இருந்தார். கண்ணாடியை இறக்கி அதை வெளியே நீட்டினார்.

"ஒரு தட்டு தட்டு தம்பி."

வாங்கி மேலிருந்து கீழே ஒரு தட்டுத் தட்டினேன். கார் நகர்ந்தது. நான் கிற்றாரை நீட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு, நெற்றியில் ஒரு விறைப்பு விறைத்து, இரண்டு விரலைக் காட்டினார்.

பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் செருப்போடு நடக்கிறார்கள், எட்டு மணிக்குத்தான் எழும்புகிறார்கள். எனக்கு ஐந்தரைக்கே விழிப்பு வந்துவிடுகிறது. ஆனால் பயம் வந்தாலும் இனிக் கட்டிலுக்குக் கீழே போக முடியாது. அங்கே கிற்றார் இருக்கிறது.