தோட்டக்காரர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை

மதிப்பிற்குரிய தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. என் உடல்நிலை, கீழ்வரிசைப் பல் ஒன்று நீங்கலாக, ஒழுங்காக இருக்கிறது. நீங்களும் உங்கள் மனைவியும் சுகமாக இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன். இல்லையென்றால் தெரிவிக்கவும், அதற்குத் தனியாக ஒரு கடிதம் எழுதுவேன். உங்கள் அண்ணன் காலமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இந்த ஒன்பது ஆண்டுகளில் நான் உங்களிடம் எந்த உதவியும் கேட்டதில்லை. நீங்கள் விமானத் துறையில் அவ்வளவு பெரிய பதவியில் இருந்தபோது, ஜன்னலோர இருக்கை வேண்டும் என்றுகூடக் கேட்டதில்லை. குத்திக்காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. இப்போது கேட்கப் போகிறேன், அதனால் சொல்கிறேன்.

கேட்பது எனக்காக அல்ல. இங்கே விமான நிலையத்தில் தோட்ட வேலை பார்க்கும் ஒருவரை என்னால் வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். வரும் வியாழக்கிழமை விசாரணை. அதில் குற்றம் உறுதியானால் அவர் வேலை போய்விடும். அரசாங்க விமானம் வரும் நாளை அவர் எனக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறார் என்பது குற்றச்சாட்டு. அந்த மனிதர் என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. அவர் குரல் எப்படியிருக்கும் என்றே எனக்குத் தெரியாது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், நடுவில் பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். உங்கள் அண்ணன் இந்த மூன்றாம் மாடி வீட்டை வாங்கியபோது, பின்பக்க பால்கனிக்கு நேராக ஓடுபாதை இருக்கிறது, சத்தத்தில் காது போய்விடும் என்று நீங்கள் சொன்னீர்கள். காது போகவில்லை. அவர் போன பிறகு பகல் முழுக்க என்ன செய்வது என்று தெரியாமல், அவருடைய தொலைநோக்கியை எடுத்துத் துடைத்துக்கொண்டு அங்கே உட்கார ஆரம்பித்தேன். பயணிகள் விமானங்களில் பார்க்க ஒன்றுமில்லை. பேருந்து மாதிரி வரும், இறக்கும், ஏற்றும், போகும். அரசாங்க விமானம் அப்படியல்ல. வெள்ளையாக, வாலில் கொடியோடு இறங்கி, மற்ற விமானங்களோடு சேராமல் தூரத்து மூலையில் போய் நிற்கும். கம்பளம் விரிப்பார்கள். படி வண்டியை ஒட்டி நிறுத்துவார்கள். முதலில் ஒரு பெட்டி இறங்கும், பிறகு பெட்டிக்குக் காவல் இறங்கும், அப்புறம்தான் ஆள். இதையெல்லாம் நான் நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். கான்வென்ட்டில் எங்களுக்கு இயற்கைப் பாட நோட்டு என்று ஒன்று உண்டு. இடப்பக்கம் கண்ணால் கண்டது, வலப்பக்கம் அதிலிருந்து ஊகித்தது. 'காக்கை பசியாக இருந்தது' என்று நான் ஒரு முறை இடப்பக்கத்தில் எழுதிவிட்டேன். பசி காக்கையின் வயிற்றில் இருக்கிறது, நீ எங்கிருந்து பார்த்தாய் என்று கேட்டு சிஸ்டர் அந்தப் பக்கம் முழுவதையும் திரும்ப எழுதவைத்தார். அந்த ஒழுங்கில்தான் இன்றும் எழுதுகிறேன். இதுவரை வந்தவர்கள் நாற்பத்தொரு பேர். படியிறங்கும்போது திரும்பி விமானப் பணியாளர்களுக்கு நன்றி சொன்னவர்கள் மூன்று பேர். கைபேசியைப் பார்த்துக்கொண்டே இறங்கியவர்கள் பதினெட்டுப் பேர். ஒருவர் கடைசிப் படி இருப்பதை மறந்துவிட்டார். வரவேற்க நின்றவர் ஆளைப் பிடிப்பதா பூங்கொத்தைப் பிடிப்பதா என்று ஒரு கணம் யோசித்துப் பூங்கொத்தைப் பிடித்துக்கொண்டார்.

விமானம் வருவதற்கு முதல் நாள் மாலையே அடையாளங்கள் தெரிந்துவிடும். தீயணைப்பு வண்டியைக் கழுவுவார்கள், ஓரத்துப் புல்லை வெட்டுவார்கள். இவை சில சமயம் ஏமாற்றும். ஏமாற்றாத அடையாளம் ஒன்றே ஒன்றுதான். பின்கட்டடத்து நிழலில் கிடக்கும் பூந்தொட்டிகளைத் தோட்டக்காரர் தள்ளுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து விருந்தினர் வாசலின் இரண்டு பக்கமும் அடுக்குவார். தொட்டி வெளியே வந்தால் மறுநாள் விமானம் வரும். நாற்பத்தொரு முறையும் அப்படித்தான், ஒரு தடவைகூடத் தவறவில்லை. இதை நானே கண்டுபிடித்தேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

சரி, கண்டுபிடித்தாய், பேசாமல் இருக்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். இருந்திருப்பேன். ஆனால் அரசாங்க விமானம் வந்தால் எங்கள் தெரு முனையில் சாலையை அடைத்துவிடுகிறார்கள். ஒரு மணி நேரமோ, மூன்று மணி நேரமோ, யாருக்கும் சொல்வதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுற்றிக்கொண்டு போகிறார்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் திரும்பி வருகிறார்கள். ஆகவே தொட்டியைக் கண்ட மாலையில், கீழே அறிவிப்புப் பலகையில் 'நாளை சாலை மூடப்படும், வேலைகளை அதற்கேற்ப வைத்துக்கொள்ளவும்' என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டுவேன். எல்லோருக்கும் வசதியாக இருந்தது. இரண்டாம் மாடி டாக்ஸிக்காரர் மட்டும் நன்றி சொல்வதோடு நிற்காமல், சீட்டைப் படம் எடுத்துத் தன் டாக்ஸிக்காரர்கள் குழுவுக்கு அனுப்பினார். அவர்கள் வேறு யாருக்கோ அனுப்ப, அது ஊரெல்லாம் சுற்றி, கடைசியில் விமான நிலையப் பாதுகாப்பு அதிகாரியின் கைபேசிக்கே போய்ச் சேர்ந்தது. அன்று மாலை அவருக்கே செய்தி வரவில்லையாம்.

மறுநாள் விமான நிலையப் பாதுகாப்பிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள், ஒருவர் பெரியவர், ஒருவர் சின்னவர். காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வரச் சொன்னேன்.

"யாரும்மா உங்களுக்குச் சொல்றது?" என்றார் பெரியவர்.

"யாரும் சொல்லல. நானே பாக்கறேன்."

"பாத்தா எப்படிம்மா தெரியும்? எங்களுக்கே அன்னிக்குக் காலைலதான் சொல்றாங்க."

"நீங்க பாக்கறதில்ல."

சின்னவர் சிரித்துவிட்டார். பெரியவர் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டார். என்னைப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது, தம்பி. அங்கேதான் தவறு செய்தேன். பால்கனிக்கு அழைத்துக்கொண்டு போய், தொலைநோக்கியைக் கையில் கொடுத்து, இதோ நிழலில் இருக்கிற தொட்டி, அதோ வாசல், இங்கேயிருந்து அங்கே போனால் மறுநாள் விமானம் என்று விளக்கினேன். பெரியவர் எழுதிக்கொண்டார். எழுதுகிறாரே, புரிகிறது போலிருக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

இரண்டு நாள் கழித்து எங்கள் மாடிப்படி கூட்டுகிற பெண் துடைப்பத்தோடு என் வாசலில் வந்து நின்றாள். "அம்மா, எங்க வீட்டுக்காரர வேலைக்கு வர வேணாம்னுட்டாங்கம்மா" என்றாள். உன் வீட்டுக்காரர் யார் என்று கேட்டேன். "தொட்டி வெக்கறவருதாம்மா" என்றாள். நாலு வருஷமாக அந்தப் பெண்ணோடு படிக்கட்டின் மூலைகளைத் தவிர வேறெதைப் பற்றியும் நான் பேசியதில்லை. இப்போது அதிகாரிகள் கணக்கில் தோட்டக்காரர் சொன்னார், மனைவி கொண்டுவந்தாள், கிழவி சீட்டு ஒட்டினாள் என்று ஆகிவிட்டது. கதை ரொம்பப் பொருத்தமாக இருக்கிறது, நடக்கவில்லை என்பது ஒன்றுதான் குறை.

மறுநாள் காலை பதினொரு நோட்டுகளையும் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு நானே பாதுகாப்பு அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனேன். ஒன்றரை மணி நேரம் உட்காரவைத்தார்கள். உள்ளே போனதும், ஐயா, எல்லாம் நானே பார்த்தது, இடப்பக்கத்தைப் படியுங்கள் என்று நோட்டைப் பிரித்து வைத்தேன். அவர் படித்தார். பொறுமையாகத்தான் படித்தார். 'மாலை 4.40. தோட்டக்காரர் தொட்டிகளை வெளியே கொண்டுவந்தார்.' இது நாற்பத்தொரு இடத்தில், தேதியோடு, நேரத்தோடு, என் கையெழுத்தில் இருந்தது.

"அம்மா, நீங்க அவரக் காப்பாத்த வந்தீங்களா, மாட்டிவிட வந்தீங்களா?" என்றார்.

விசாரணையில் என்னைச் சாட்சியாகக் கூப்பிடுங்கள், சத்தியம் செய்து சொல்கிறேன் என்றேன். சாட்சி வேண்டாம், இதுவே போதும் என்று நோட்டுகளை எடுத்து உள்ளே வைத்துவிட்டு 'பழைய நோட்டு, 11' என்று ரசீது கொடுத்தார். 'பழைய' என்பதை அடித்துத் தரச் சொன்னேன். அடித்துக் கொடுத்தார். அவர் முதுகுக்குப் பின்னால் சுவரில் ஒரு குழுப் படம் மாட்டியிருந்தது. நடுவில் நீங்கள், தலையில் முடியோடு. கடைசி வரிசையில் அவர். உங்கள் கீழ் வேலை பார்த்தவர் போலிருக்கிறது. நான் உங்கள் அண்ணி என்று சொல்லவில்லை. சொன்னால் சிபாரிசு ஆகிவிடும். சிபாரிசால் கிடைக்கிற நியாயம் எனக்கு வேண்டாம், அந்த மனிதருக்கும் வேண்டியிருக்காது.

ஆகவே உங்களிடம் கேட்பது சின்ன விஷயம். அந்த அதிகாரியோடு ஒரு முறை பேசி, வியாழக்கிழமை என்னைச் சாட்சியாக அழைக்கச் சொல்லுங்கள். அவ்வளவுதான். அவரை விட்டுவிடு என்று நீங்கள் சொல்ல வேண்டாம். என்னைக் கேட்கட்டும். குறுக்கே நெடுக்கே எப்படி வேண்டுமானாலும் கேட்கட்டும். இந்த எழுபத்தாறு வயதில் எனக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும், அந்தக் காரணத்துக்காகவே நீங்கள் என்னிடம் பேசாமல் இருந்த வருடங்களும் உண்டு. தோட்டக்காரர் எனக்கு எதையும் தெரிவிக்கவில்லை. இதை யார் முன்னாலும், எந்தப் புத்தகத்தின் மேல் கைவைத்தும் சொல்வேன்.

உங்கள் மனைவிக்கு என் அன்பு. குழந்தைகள் குட்டிகளோடு நெடுநாள் நன்றாக இருங்கள். உங்கள் இரத்த அழுத்தம் உங்கள் பேச்சைக் கேட்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசையைத் தேடிக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது. மாடிப்படிப் பெண்ணும் அவள் வீட்டுக்காரரும் நின்றார்கள். அவர் குரல் மெல்லியது. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நான் பெரிய இடத்துக்குக் கடிதம் எழுதுவதாக மனைவி சொன்னாளாம், மனசு கேட்காமல் வந்தாராம்.

"விதிப்படி தொட்டிய ரெண்டு மணி நேரம் முன்னாடிதாம்மா வெக்கணும். நாந்தான் மொத நாளே வெச்சேன்."

"எதுக்கு?"

"நீங்க பாக்கறதுக்குதாம்மா. மேஸ்திரி மொத நாளே எங்கிட்ட சொல்லிடுவாரு, மொதல்ல அவரு அவசரப்படுத்தித்தான் மொத நாளே வெச்சிட்டிருந்தேன். நீங்க அதப் பாத்துச் சீட்டு ஒட்டறீங்கன்னு இவ வந்து சொன்னா. ரோடு மூடினா இவ நாலு கிலோமீட்டர் சுத்தி நடந்து வருவா. அதுலேர்ந்து அவரு அவசரப்படுத்தாட்டியும் விடாம மொத நாளே வெச்சுட்டேன். ஒரு நாள் நீங்க ரொம்ப நேரம் பால்கனிக்கு வரவே இல்ல. ரெண்டு தடவ உள்ள கொண்டுபோய்த் திருப்பி வெளிய கொண்டுவந்தேன்."

அந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. இரண்டாவது தடவை உள்ளே போய் வெளியே வந்ததைத்தான் நான் பார்த்தேன். வலப்பக்கத்தில் 'நிர்வாகக் குழப்பம்' என்று ஊகித்து எழுதியிருக்கிறேன்.

"நீங்க எனக்காகப் பொய்ச் சத்தியம் பண்ணக் கூடாதும்மா" என்றார். "சும்மா வாங்க நீங்க" என்று மனைவி அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

தம்பி, மேலே உள்ள கடிதத்தை மாற்றி எழுத நேரமில்லை, தபால் எடுக்கிற நேரம் ஆகிவிட்டது. அதில் உள்ளதெல்லாம் நான் எழுதியபோது உண்மை. ஆனால் என்னைச் சாட்சியாக மட்டும் அழைக்க விடாதீர்கள். எந்தக் காரணத்தைக் கொண்டும் விடாதீர்கள். கேட்டால் நான் சொல்லிவிடுவேன். புதன்கிழமைக்குள் நீங்களே அந்த அதிகாரியைக் கூப்பிட்டு, விசாரணையே வேண்டாம், ஆளை வேலைக்கு எடுத்துக்கொள் என்று சொல்லிவிடுங்கள். நான் உங்கள் அண்ணி என்பதையும் சொல்லுங்கள். ஆமாம், சிபாரிசுதான் கேட்கிறேன்.