கதவு: பக்கம் ஆறு

எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று காட்டி, புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் அகர வரிசையில் அணிவகுத்து நிற்கும் சொல்லடைவு, புத்தகம் அச்சாகும்போது தானாகவே விளைந்துவிடுகிறது என்று மக்களிடையே ஒரு நம்பிக்கை இருக்கிறது. கீரைப் பாத்தியின் ஓரத்தில் புல் முளைப்பதுபோல. இது மிகப் பெரிய தவறு. இதைவிடச் சிறிய தவறுகளால் சாம்ராஜ்யங்கள் கவிழ்ந்திருக்கின்றன. உண்மையில் ஒரு மனிதர் உட்கார்ந்து, புத்தகத்தை வரிவரியாகப் படித்து, சொல்லுக்கொரு அட்டை எழுதி, அட்டைகளை அடுக்கி, அடுக்கியதைக் கலைத்து, மறுபடியும் அடுக்கித்தான் அது உண்டாகிறது. அந்த மனிதருக்கு முதுகுவலி இருக்கும். மூக்குக்கண்ணாடி இருக்கும். மனைவி இருப்பாள்.

நம்முடைய அடைவுக்காரருக்கு மூன்றும் இருந்தன. வேலைதான் இல்லை.

நான்கு மாதமாக இல்லை. 'பதினெட்டு ஆண்டுகள் தாங்கள் ஆற்றிய பணிக்கு நன்றி. இனி அடைவுகளைக் கணினியே தயாரித்துவிடும்' என்று பதிப்பகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. அந்த இரண்டு வரிக் கடிதத்தில் மூன்று பிழைகள் இருந்தன. சிவப்பு மையால் திருத்தி, மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

மனைவியிடம் சொல்லவில்லை. முதல் நாள் சொல்லலாம் என்றிருந்தார். அன்று அவளுக்குத் தலைவலி. இரண்டாம் நாள் அவள் சிரித்த முகமாக இருந்தாள். கெடுப்பானேன் என்று விட்டார். மூன்றாம் நாள், "முதல் நாளே ஏன் சொல்லலை?" என்று கேட்பாளே என்ற பயம் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு தினமும் அந்தப் பயத்துக்கு ஒரு நாள் வயது கூடியது.

ஆகவே, வழக்கம்போல் காலை ஒன்பது மணிக்குத் தம் அறைக்குள் போவார். கதவைச் சாத்துவார். பழைய புத்தகம் ஒன்றின் அட்டைகளை மேசைமேல் கொட்டுவார். அடுக்குவார். கலைப்பார். இடையிடையே, வேலைப்பளுவால் நசுங்குகிறவர் மாதிரி, வெளியே கேட்கும்படி ஒரு பெருமூச்சு விடுவார். பெருமூச்சு மட்டும் நடிப்பில்லை. ஜன்னலுக்கு வெளியே மூன்று வாரமாகத் தூறிக்கொண்டே இருந்தது. எதிர்வீட்டுச் சுவரில் ஈரம் பரவி, நாளுக்கு நாள் ஒரு விரற்கடை ஏறியது. அதையும் அவர் தினமும் பார்த்து வைத்துக்கொண்டார். பார்க்க வேறொன்றும் இல்லை.

இப்படியே காலம் தள்ளியிருப்பார். அதற்குள் மகளின் பள்ளிக்கூடக் கூரையில் விரிசல் விட்டது.

வெள்ளிக்கிழமை மாலை அறைக் கதவு தட்டப்பட்டது.

"ஏங்க, திறங்க."

"வேலையா இருக்கேம்மா."

"தெரியும். திறங்க."

மனைவி கையில் ஒரு கத்தைத் தாளோடு நின்றாள். அவள் மருந்துக்கடையில் மருந்தாளுநர். பத்து வருடமாக டாக்டர்களின் கையெழுத்தைப் படித்துவருகிறவள். அப்படிப்பட்டவளிடம் ஒரு ரகசியத்தை நான்கு மாதம் காப்பாற்றியதில் அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

"கூரையைச் சரிபண்ற வரைக்கும் பள்ளிக்கூடம் கிடையாதாம். திங்கட்கிழமையிலேருந்து பாப்பாவுக்கு வீட்டுலயே வகுப்பு, கணினி முன்னால. என்னென்ன ஏற்பாடு பண்ணணும்னு அனுப்பியிருக்காங்க. பதினாலு பக்கம்."

"பதினாலா?"

"எனக்கு நாளைக்கு முழுக்கக் கடை. படிக்க நேரமில்லை. நீங்க படிச்சு, என்ன வேணும்னு ஞாயித்துக்கிழமை சொல்லுங்க. பாப்பாவை எங்க உக்கார வைக்கிறதுன்னு முடிவு பண்ணணும்."

சொல்லிக்கொண்டே அவள் பார்வை அறையைச் சுற்றி வந்தது. துணிக்கடைக்காரர் துணியை முழம் போடுவதுபோல் வந்தது. கடைசியில் மேசைமேல் நின்றது.

"ஹால்ல உக்காரட்டுமே. காத்தோட்டமா இருக்கும்," என்றார் அடைவுக்காரர்.

"உக்காரலாம். எது மேல வச்சு எழுதுவா? வீட்டுல இருக்கிறது ஒரே மேசை. அதுக்குப் பின்னால நீங்க இருக்கீங்க."

"இந்த அவசர வேலை முடியாம..."

"அந்தப் பெரிய புத்தகமா?"

"ரொம்பப் பெரிசு."

"ஆமா, ரொம்ப நாளாப் பெரிசாவே இருக்கு," என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

அடைவுக்காரர் கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தார். மேசையை விட்டுக்கொடுத்தால், அதில் உட்கார மகள் உள்ளே வருவாள். மூன்றாம் வகுப்புப் படிக்கிறவள். பொய் சொல்லத் தெரியாதவள். அந்தக் குறை அவருக்கும் இருந்ததுதான், அண்மைக்காலம்வரை. ஒரு மணி நேரம் உள்ளே இருந்தால் போதும். 'அம்மா, அப்பா ஒரே அட்டையைக் கலைச்சுக் கலைச்சு அடுக்குறார்' என்று சாப்பாட்டு நேரத்தில் சொல்லிவிடுவாள். நான்கு மாதமாகக் கட்டிக்காத்த மானம் ஒரு கவளச் சோற்றுக்கு இடையில் போய்விடும்.

எதிரியின் ஆயுதத்தாலேயே எதிரியை வீழ்த்துவது என்று முடிவு செய்தார். அந்தப் பதினான்கு பக்கத்தில் எங்கேயாவது மேசையைக் காப்பாற்றும் வரி ஒன்று இருக்கும்.

சனிக்கிழமை காலை உட்கார்ந்து படித்தார். ஒன்பதாம் பக்கத்தில் அந்த வரி இருந்தது: 'பெரியவர்கள் தொழிலுக்குப் பயன்படுத்தும் மேசையைப் பிள்ளைக்குத் தரலாகாது. பிள்ளைக்கெனத் தனி மேசை வேண்டும்.'

அத்துடன் தாளை மூடி வைத்திருந்தால் இந்தக் கதை இல்லை. ஆனால் சுற்றறிக்கையை எழுதிய புண்ணியவான் எதையும் ஒரே இடத்தில் சொல்லவில்லை. மேசையைப் பற்றி மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி, ஏழில் ஒரு வரி, பதினொன்றில் அளவு. அடைவுக்காரரின் விரல் அரித்தது. ஒரு வெற்று அட்டையை எடுத்தார். 'மேசை' என்று எழுதினார். இன்னோர் அட்டையை எடுத்தார்.

மத்தியானம் சாப்பிட மகள் வந்து கூப்பிட்டபோது நூற்றுப் பன்னிரண்டு அட்டைகள் ஆகியிருந்தன. 'தந்தை: காண்க, பெற்றோர்.' 'பெற்றோர்: காண்க, தாய்.' நான்கு மாதத்தில் முதல் தடவையாக அவர் பெருமூச்சு விட மறந்துபோனார்.

"அப்பா, சோறு ஆறிப்போச்சு."

"இதோ வரேன் பாப்பா. 'காது'க்கு அப்புறம் 'கால்'."

"தெரியும்ப்பா," என்றாள் மகள். "நாங்க ஒண்ணாம் வகுப்புலயே படிச்சிட்டோம்."

ஓர் இடத்தில் மட்டும் அவர் கை நின்றது. ஆறாம் பக்கம்: 'பாடம் நடக்கும்போது வீட்டுப் பெரியவர் ஒருவர் பிள்ளையின் கண்ணெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இருவருக்கும் இடையில் மூடிய கதவு இருக்கலாகாது.'

இந்த வரியை அடைவில் சேர்க்காமல் விட்டுவிடலாம். பதினான்கு பக்கத்தையும் படிக்க மனைவிக்கு நேரம் கிடையாது. அடைவில் இல்லாதது அவளுக்கு உலகத்திலேயே இல்லை. கால் மணி நேரம் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். மழை பெய்துகொண்டிருந்தது. மனைவியிடம் நான்கு மாதம் ஒன்றை மறைத்தவர்தான். ஆனால் அகர வரிசையிடம் பதினெட்டு வருடத்தில் ஒன்றையும் மறைத்ததில்லை. ஒரு சொல்லை விட்டுவிட்டு அடைவு என்று பெயர் வைப்பது அவரால் முடிகிற காரியமில்லை.

'கதவு, மூடிய, ஆகாது: 6' என்று எழுதி, 'கணினி'க்குப் பின்னால் செருகினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, சமையலறை வாசலில் போய் நின்றார். கையில் சுற்றறிக்கை. அதன் கடைசியில், சுத்தமாகப் படியெடுத்து இணைத்த நான்கு பக்க அடைவு.

"ஒன்பதாம் பக்கம் பாரு. என் மேசையை எடுக்கக் கூடாது. பள்ளிக்கூடமே சொல்லுது."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு படித்தாள்.

"ஆமா. சொல்லுது."

"சட்டம்னா சட்டம்."

"சரிங்க. மேசை உங்களோடதே. நான் தொடலை."

இவ்வளவு சுலபமாக அவர் எதிலும் ஜெயித்ததில்லை. கல்யாணத்துக்குப் பிறகு எதிலுமே ஜெயித்ததில்லை என்பதால், ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லாமல் இருந்தது.

"இது என்ன, கடைசியில?"

"சொல்லடைவு. எது எந்தப் பக்கத்துல இருக்குன்னு உடனே பாத்துக்கலாம்."

"பதினாலு பக்கத்துக்கு நாலு பக்கம் அடைவா?"

"சுற்றறிக்கை ஒழுங்கில்லாம இருந்தா அடைவு கூடத்தான் வரும்."

மருந்துக்கடையில் மருந்துகளை அகர வரிசையில்தான் அடுக்கியிருப்பார்கள். அவள் விரல் அந்தப் பழக்கத்தோடு அடைவில் இறங்கியது. ககரத்தில் வந்து ஒரு நிமிடம் நின்றது. தாளைப் புரட்டி ஆறாம் பக்கத்தைப் பார்த்தாள். மூடினாள்.

"நல்லா இருக்குங்க. ஒண்ணையும் விடலை."

"விடமாட்டேன்," என்றார் அவர். பதினெட்டு வருடத்தில் அவருடைய அடைவை யாரும் நல்லா இருக்கு என்று சொன்னதில்லை.

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"நேத்து முழுக்க. ராத்திரி படியெடுத்தேன்."

"அந்தப் பெரிய புத்தகம்?"

"அது... நடுவுல கொஞ்சம் நிறுத்தி வச்சேன்."

"அதானே," என்று அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

மத்தியானம் அடைவுக்காரர் தம் அறையில், தம் மேசைக்குப் பின்னால், தம் வெற்றியோடு தனியாக உட்கார்ந்திருந்தார். வெளியே மனைவியின் குரலும், மேல்வீட்டுத் தச்சரின் குரலும் கேட்டன. பிறகு கதவில் ஏதோ உரசுகிற சத்தம். கதவு திறந்துகொள்ளப்போகிறது என்று நினைத்தார். கதவு திறக்கவில்லை. கழன்றது. ஒரு பக்கம் தச்சரும் மறு பக்கம் மனைவியுமாக அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கதவு இருந்த இடத்தில், சட்டம் போட்ட படம்போல், முழு ஹாலும் தெரிந்தது.

"என்ன பண்றீங்க?"

"பாப்பாவுக்கு மேசைங்க," என்றாள் மனைவி ஹாலிலிருந்து. "தனி மேசை வேணும்னு ஒன்பதாம் பக்கத்துல இருக்கே. ரெண்டரை அடி அகலமாவது வேணும்னு பதினொண்ணுல இருக்கு. இது சரியா இருக்கு."

"நல்ல மரம், சார்," என்றார் தச்சர். "இந்தக் காலத்துல இப்படிப் பலகை கிடைக்காது. தங்கச்சி, அந்த ரெண்டு பெட்டியை இப்படித் தள்ளு. மேல போட்டுடலாம்."

"கதவில்லாம நான் எப்படி வேலை செய்யறது?"

தச்சர் திருகாணிகளைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, இந்த வீட்டில் இனித் தமக்கு வேலையில்லை என்று உணர்ந்தவராக மாடிக்குப் போனார். மனைவி நிலைப்படியில் வந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"வேலை இருந்தாத்தானேங்க கதவு வேணும்."

அடைவுக்காரர் அட்டைகளைப் பார்த்தார். அட்டைகள் உதவிக்கு வரவில்லை.

"எப்போலேருந்து தெரியும்?"

"ரெண்டாவது வாரத்துலேருந்து. உங்க குப்பைக்கூடையை நான்தானே கொட்டறேன். முன்னெல்லாம் தினம் நிறைய கிழிச்ச தாள் இருக்கும். அப்புறம் பென்சில் சீவின தூள். அப்புறம் அதுவும் இல்லை."

"பின்னே ஏன் கேக்கலை?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். நாளைக்குச் சொல்லுவார், நாளைக்குச் சொல்லுவார்னு. நீங்க பெருமூச்சு விடறது சமையலறை வரைக்கும் கேக்கும். இந்தப் பக்கம் குழந்தை பள்ளிக்கூடம் விட்டு வந்து தனியா ஹால்ல உக்காந்து சுவரைப் பாத்துட்டிருக்கும். அந்தப் பக்கம் நீங்க தனியா உக்காந்து சுவரைப் பாத்துட்டிருப்பீங்க. நடுவுல இது ஒண்ணு." பலகையாகக் கிடந்த கதவை முகவாயால் காட்டினாள்.

அவர் சொல்ல வைத்திருந்த பதில்கள் எல்லாம் மூடிய கதவுக்குப் பின்னால் நின்று சொல்வதற்காகத் தயாரித்தவை.

"மேசையைக் கேப்பேன்னு நினைச்சீங்களா?" என்றாள். "மேசையை நான் எதுக்குக் கேக்கறேன்? அதுல நீங்க உக்காந்திருந்தாத்தானே பாப்பா கண்ணுக்குத் தெரிவீங்க."

சாயங்காலம் மூவருமாக மேசைக்கு இடம் பார்த்தார்கள். இணையம் நன்றாகக் கிடைப்பதும், மின்சார இணைப்பு இருப்பதும் அறை வாசலுக்கு நேர் எதிரில்தான். பலகையை அங்கேயே போட்டார்கள். வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து பார்த்து, இதுதான் வசதி என்றாள் மகள். திரும்பிப் பார்த்தால் அப்பா. முன்னால் பார்த்தால் ஆசிரியை.

திங்கட்கிழமை காலை மனைவி கடைக்குப் போனாள். எட்டரை மணிக்கு வகுப்பு தொடங்கியது. அடைவுக்காரர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார். எல்லாருக்கும் தெரிந்த பிறகு அட்டைகளைக் கலைத்து அடுக்குவதில் அர்த்தமில்லை என்பதால், கைகளை மேசைமேல் வைத்துக்கொண்டு வெறுமனே இருந்தார்.

பத்து மணிக்கு ஆசிரியையிடமிருந்து மனைவியின் தொலைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. 'திரையில் உங்கள் மகளுக்குப் பின்னால் காலையிலிருந்து ஒருவர் எதுவுமே செய்யாமல் உட்கார்ந்திருக்கிறார். மற்ற பிள்ளைகள் பாடத்தைக் கவனிக்காமல் அவரையே பார்க்கிறார்கள். அவரைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லவும்.'

மனைவி அதை அப்படியே அவருக்கு அனுப்பிவைத்தாள்.

அவர் மேசையை அங்கேயே விட்டுவிட்டு, நாற்காலியை மட்டும், மகளின் கண்ணெட்டும் தூரத்திலேயே, இரண்டடி இடப்பக்கம் நகர்த்திக்கொண்டார்.