அண்ணனைக் கொன்ற கட்டுரை

நாற்சந்தியில் அண்ணனின் படத்தோடு கண்ணீர் அஞ்சலி பேனர் தொங்குவதைப் பார்த்ததும் வர்க்கிச்சனுக்கு மூச்சே நின்றுவிட்டது. அண்ணன் அவிராச்சன் கட்டப்பனையில் நன்றாக உயிரோடு இருந்தார்.

"நீங்கதானே கொன்னீங்க?" என்றாள் மனைவி ஆலீசம்மா.

உண்மைதான். பங்குக் கோயிலின் பொன்விழா மலருக்குத் தன் துயர வாழ்க்கையை எழுதியிருந்தார் வர்க்கிச்சன். அப்பாவின் ரப்பர் தோட்டத்தைச் சுருட்டிக்கொண்டு, கொட்டும் மழையில் தம்பியைத் துரத்திய அண்ணனின் கதை. "உயிரோட இருக்கறவரை இப்படித் திட்டிப் போட முடியாது" என்றது மலர்க் குழு. உடனே கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: 'இன்று அண்ணன் இல்லை. நான் மன்னித்துவிட்டேன்.'

மலர் வெளிவந்ததும் ஊரே அழுதது. ஜெபக் கூட்டத்தார் மலர்வளையத்தோடு வந்துவிட்டார்கள்.

"உடல் எங்க வர்க்கிச்சா?" என்றார் பக்கத்து வீட்டுக் குஞ்ஞூட்டி.

"அங்கேயே... கட்டப்பனையில அடக்கம் பண்ணியாச்சு."

பங்குத்தந்தை உருகிப்போனார். "கல்லறையில நின்னு ஜெபிக்கணும். ஞாயித்துக்கிழமை பஸ் பிடிக்கிறேன். எல்லாரும் போறோம்."

"ஐயோ பாதர், மலைப்பாதை! மண்சரிவு!"

"அப்ப இங்கேயே பூசை வெச்சுக்கலாம். 'சகோதரருக்குப் பூசை, வாங்க'ன்னு கட்டப்பனை வீட்டுக்கு நானே சொல்லி அனுப்பறேன்."

வர்க்கிச்சன் தலையாட்டினார்.

ஞாயிறு, பூசைக்கு மணி அடிக்கையில் கட்டப்பனை ஜீப் ஒன்று வந்து நின்றது. மழையில் இறங்கியவர் அவிராச்சன்.

"ஏசுவே!" குஞ்ஞூட்டி மலர்வளையத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். இரண்டு பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

தம்பியைப் பார்த்த அவிராச்சனின் முகமும் வெளுத்தது. தலை நரைத்து, நனைந்து நின்றார். வர்க்கிச்சன் தன்னையறியாமல் ஓடிப்போய்க் குடையை அவர் தலைக்கு மேல் பிடித்தார்.

"அச்சாயா... ஒரே ஒரு வரிதான் எழுதினேன்..."

அவிராச்சன் குடைக்காம்பைத் தம்பியின் கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"இவர்தான் தம்பி வர்க்கிச்சன்" என்றார் பங்குத்தந்தை, ஜீப் டிரைவரிடம்.

டிரைவர் கையிலிருந்த சாவி கீழே விழுந்தது.

"வர்க்கிச்சனா? அப்ப, 'என் தங்கத் தம்பியை நான்தான் மழையில துரத்தினேன், மன்னிப்புக் கேக்கலாம்னா அவன் உயிரோட இல்லையே'ன்னு அழுதுகிட்டு வருஷா வருஷம் அவிராச்சன் ஐயா எங்களுக்குப் போடற தம்பி நினைவுநாள் சாப்பாடு யாருக்காக?"